மணலில் சிக்கிய சைக்கிள்

"உம்மா, வார கிழமை பாடசாலையில சைக்கிள் போட்டி. நானும் பேர் குடுத்துட்டன்" என்றாள் மகள். அவள் சைக்கிளைத் தொட்டே மூன்று மாதமாகிறது. திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. பதினாறு வயதில் நானும் இதே காரியத்தைச் செய்தவள்தானே!

1990 அக்டோபரில் எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தது. வாப்பாவின் சைக்கிள் வீட்டோடு அங்கேயே நின்றுவிட்டது. ஆலங்குடாப் பக்கம் ஓலைக் குடிசையில் வளர்ந்தோம். மீன் விற்க வாப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கச் சில வருடங்கள் சென்றன. அந்தச் சைக்கிளை நம்பித்தான் பேர் கொடுத்தேன்.

மாணவிகளுக்கு மட்டுமான போட்டி. ஒன்பது பேர். தென்னந்தோட்டத்தைச் சுற்றி மூன்று சுற்று. பாதி கிரவல் பாதை, பாதி கடற்கரை மணல். நடுவில் விழுந்து கிடந்த தென்னை மரத்தை, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும்.

"ஓடிப் பழகாமப் போறியே புள்ள" என்றார் உம்மா. "சின்ன ஓட்டம்தானே உம்மா" என்று சொல்லிவிட்டு, சம்பலோடு நாலு ரொட்டி சாப்பிட்டேன். நானா இரண்டு டயருக்கும் கல்லுப்போலக் காற்றடித்துத் தந்தார்.

கிரவல் பாதையில் நான்தான் முதலாவது. மணலில் இறங்கியதும் முன்சில்லு புதைந்தது. இறுகிய டயர் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும்; காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகன்று மணலின்மேல் நிற்கும். தினமும் மணலில் மீன்பெட்டியோடு போகும் வாப்பாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

இரண்டாம் சுற்றில் ரொட்டி நெஞ்சுவரை வந்துவிட்டது. மரத்தடியில் பாவாடை விளிம்பு செயினில் மாட்ட, சைக்கிளோடு சாய்ந்தேன். எல்லோரும் தாண்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் இறங்கினாள்.

அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு நாளைக்கு முன்தான் கிணற்றடியில் எங்களுக்குள் சண்டை. "உங்கட ஆக்கள் வந்த பிறகுதான் தண்ணி பத்தல்ல" என்றாள் அவள். நானும் சும்மா இருக்கவில்லை. இப்போது அவள் ஒன்றும் பேசாமல் பெடலைப் பின்பக்கம் சுற்றித் துணியை எடுத்துவிட்டாள். சைக்கிளை மறுபக்கம் தூக்கி வைத்தாள். "மணல்ல மிதிக்காத. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னபடியே ஓடினேன். அவள் நாலாவது, நான் ஏழாவது. எனக்காக நிற்காவிட்டால் அவளுக்கு ஒரு பரிசு கிடைத்திருக்கும். அன்று பின்னேரம் கிணற்றடியில் அவளுடைய குடத்தை முதலில் நிரப்பிக் கொடுத்தேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட மகள், கைபேசியில் ஒரு போட்டியைக் காட்டினாள். பெல்ஜியத்தின் கொக்சைடே என்ற கடற்கரை ஊர். மணல் மேட்டில் வீரர்கள் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்! சைக்ளோ குரொஸ் என்று பெயராம். பிரான்சில் 1902இலேயே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. ஆண்களுக்கு உலகப் போட்டி 1950இல் தொடங்கியது, பெண்களுக்கு 2000இல்தான். அங்கேயும் டயரில் காற்றைக் குறைத்துத்தான் மணலில் இறங்குகிறார்கள். எங்கள் கரையின் மீன்காரர் அறிந்த வித்தைதானே இது!

மகளுக்கு ஏழு நாள் இருந்தது. பழகாமல் போகாதே என்று தடுக்கவில்லை; இருக்கிற நாளில் பழகு என்றேன். தினமும் ஃபஜ்ருக்குப் பிறகு மணலில் இறங்கித் தள்ளி ஓடுகிறாள். கால்சட்டை விளிம்பை ஊசி குத்திக் கட்டச் சொல்லியிருக்கிறேன். போட்டியன்று காலையில் ஒரு வாழைப்பழம் போதும், ரொட்டி கிடையாது.

தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதும் ஆயத்தம்தான் சகோதரிகளே. அன்று எனக்காக இறங்கியவள் இன்று இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். மணலில் எப்படி ஓடுவதென்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.