சோதனைக்குப் போகும் தண்ணீர், ஊருக்குள் கொட்ட வேண்டாம்

பொம்மையார்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள், இறால் குஞ்சு பொரிப்பகங்கள் என்று வந்து, மரக்காணத்தில் உப்பளங்கள் விரிகின்றன. பக்கத்தில் கழுவெளி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. எண்ணூர், சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயும் மரக்காணம் வரை வருகிறது. ஆக, இங்கே ஓரிடத்தில் கொட்டிய தண்ணீர் அந்த இடத்தோடு நிற்காது.

இதை ஏன் சொல்கிறேன்? எண்ணூர், பழவேற்காடு மீனவர்களைக் கேளுங்கள். தென் அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி அங்கே வந்துவிட்டது. 'காக்கா ஆழி' என்கிறார்கள். கழிமுகத்தின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடிவிடுகிறது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். அதன் இளம் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் மிதக்கும். ஒரு கேனிலும் பயணம் செய்யும்.

'குட்டைத் தண்ணீரையும் இறாலையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும்போது என்ன கவனிக்க வேண்டும்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என் பதில் இதுதான்:

1. தேவையான அளவு மட்டும் எடுங்கள். மூடி இறுகிய பாட்டிலை இன்னொரு பையில் போடுங்கள்.

2. நோய்க்கான பி.சி.ஆர். சோதனைக்கு உயிருள்ள இறால் தேவையில்லை. ஆய்வகத்தைக் கேட்டு, எத்தனாலில் போட்டுக் கொடுங்கள்.

3. தெரியாத சிப்பியைக் கண்டால் உயிரோடு ஊர் ஊராகக் கொண்டுபோகாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

4. மிச்சத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, வாய்க்காலுக்கும் பயிருக்கும் எட்டாத காய்ந்த மணலில் ஊற்றுங்கள். ஆய்வகத்திலும் அதை அப்படியே சாக்கடையில் விடக்கூடாது.

5. வலை, வாளி, பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த குட்டையில் இறக்குங்கள்.

வெளிநாட்டுத் தாய் வெள்ளை இறாலைக்கூட நேராகப் பொரிப்பகத்துக்கு விடுவதில்லை. சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, சோதித்த பிறகே தருகிறார்கள். பொரிப்பகத்துக்கு இருக்கும் அந்தக் கட்டுப்பாடு நம் கையிலுள்ள பாட்டிலுக்கும் வேண்டும். ஒருமுறை படர்ந்த சிப்பியைச் சுரண்டி எடுப்பது பெருஞ்செலவு. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஒரு கட்டு விறகு போதும்.