பின்னால் ஓடும் வேலைகள்

வீட்டுக் கணனி மந்தமாகிவிட்டால், 'சேர்விஸ்களை நிறுத்துங்கள், பறக்கும்' என்று சொல்ல இப்போது ஊருக்கு நாலு தம்பிமார் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆபத்து அதைவிடக் கூட.

நாம் திரையில் காணாத பல வேலைகளைக் கணனி பின்னால் செய்துகொண்டிருக்கும். விண்டோஸில் இவற்றுக்குத்தான் 'சேர்விஸ்' என்று பெயர். பட்டியலில் நூற்றுக்கு மேல் உண்டு. ஆனால் பெரும்பாலானவை கூப்பிடும்வரை தூங்குபவை. 'பெக்ஸ்' என்றொன்று இருக்கிறது. யாரும் பெக்ஸ் அனுப்பாத வீட்டில் அது எழும்புவதே இல்லை. அதை நிறுத்தி என்ன லாபம்?

என் தங்கச்சி வீட்டிலிருந்தபடி வினாத்தாள்கள் தட்டச்சுச் செய்து கொடுப்பவர். பிள்ளைகளின் டியூஷன் காசு அதில்தான் வருகிறது. விண்டோஸ் 10 உள்ள பழைய கணனி, நினைவகம் 4 ஜீபி. காலையில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவி முடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அயல்வீட்டுத் தம்பி ஒருவர் வந்து, எங்கோ எழுதியெடுத்த பட்டியலைப் பார்த்து, இருபது சேர்விஸ்களை 'டிசேபிள்ட்' ஆக்கிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு தாளும் அச்சாகவில்லை. பிரிண்டர் பழுதென்று அதைக் கடைக்குத் தூக்கிப்போகவும் ஆயத்தமாகிவிட்டார்.

"நானா, கணனியும் முன்னப் போலத்தான் கிடக்கு, பிரிண்டும் இல்ல" என்றார்.

அச்சுக்குப் போகும் தாள்களை வரிசைப்படுத்தி அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' நிறுத்தப்பட்டிருந்தது. அதை மீண்டும் 'ஒட்டோமெட்டிக்' ஆக்கியதும் தாள் வந்தது.

பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி 'டாஸ்க் மேனேஜரை'த் திறந்தேன். சகோதரிகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 'ஸ்டார்ட்டப்' பகுதியில், கணனி எழும்பும்போதே கூட எழும்பும் புரோகிராம்களைக் காணலாம். அங்கே அழைப்பெடுப்பது, பாட்டுக் கேட்பது என்று நாலைந்து இருந்தன. இவற்றை அங்கே நிறுத்துவதால் பழுது வராது. தேவையானபோது நாமே திறந்துகொள்ளலாம்.

சேர்விஸ்களில் தொட்டுப் பார்க்கத் தகுந்தவை இரண்டுதான். அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றும் 'சிஸ்மெய்ன்' ஒன்று. கோப்புகளுக்கு அட்டவணை போடும் 'விண்டோஸ் சேர்ச்' மற்றது. சுழலும் பழைய டிஸ்க்கில் இவை சில வேளை பாரமாக இருக்கும். ஒன்றை நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்பப் போட்டுவிடுங்கள். முன்பிருந்த நிலையைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தத் தம்பியிடம் அப்படி ஒரு குறிப்பு இருக்கவில்லை. மற்றவற்றைத் திருத்த எனக்கு ஒரு பின்னேரம் போனது.

வைரஸ் பாதுகாப்பை வேகத்துக்காக நிறுத்தவே வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ட் முடித்துவிட்ட பிறகு, அது இன்னும் அவசியம்.

தங்கச்சியின் கணனிக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது, பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டதுதான். நீங்களும் மாற்றுவதென்றால், கடைக்குக் கொடுக்குமுன் உங்கள் கோப்புகளைப் பென்டிரைவ் ஒன்றில் எடுத்துக்கொள்ளுங்கள்.