சுருளிக்குப் போக ஒரு செருப்பு

ஆடி அமாவாசைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மகன் பேச்சை எடுத்துவிட்டான். "அப்பா, இந்த வருஷம் சுருளிக்கு நீங்க வர வேண்டாம். தர்ப்பணத்தை நான் குடுத்துட்டு வந்துர்றேன்."

"நான் இருக்கும்போது நீ எப்படிடா குடுப்ப?" என்றேன்.

தகப்பன் இருக்கிற பிள்ளை தர்ப்பணம் கொடுக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பயத்தில் மறந்துவிட்டான். பயத்துக்குக் காரணம் கும்பக்கரை. பெரியகுளத்துக்குப் பக்கத்தில், யானை கெஜம், பாம்பு கெஜம் என்று பாறைக் குழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதே இடந்தான். முந்தைய வருஷம் பேரப்பிள்ளைகளோடு போனவன், வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். ஓட்டம் செருப்பின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டது. கால் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பாக இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பேரன் ஒரு மலையேற்ற ஷூ வாங்கி வந்தான். அடியில் டிராக்டர் டயர் மாதிரி கட்டை கட்டையாகப் பற்கள். இந்த வகை அடிப்பாகத்துக்கு ஒரு கதை உண்டு. 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த விதாலே பிரமானி என்ற இத்தாலிக்காரர், காலணி சரியில்லாததும் ஒரு காரணம் என்று நினைத்து, 1937-ல் ரப்பரில் பல் வைத்துக் கொண்டுவந்தாராம். விப்ரம் என்ற பெயரே அவர் பெயரின் சுருக்கந்தான்.

எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத குமாஸ்தா புத்தி எனக்கு. வீரபாண்டிக்குப் போய், முல்லையாற்றுப் படித்துறையில் ஒரு காலில் புது ஷூ, இன்னொரு காலில் பழைய டயர் செருப்பு என்று போட்டுக்கொண்டு நின்றேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நாலு பேரு பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டும். டயர் செருப்பு முதல் படியிலேயே வழுக்கியது. காய்ந்த கரட்டில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஈரத்தில் அந்த ரப்பர் கல்லுக்குக் கல். ஷூவும் ஏமாற்றியது. அந்தப் பற்கள் சேற்றைக் கடிக்கும். வழவழப்பான கல்லில் பல்லின் நுனிதானே படுகிறது? போதாததற்கு உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லை. கால் ஒரு குடம் கனம் கனத்தது.

பஜாரில் செருப்புத் தைக்கிற தம்பியிடம் சொன்னேன். "ஐயா, பள்ளிக்கூடப் பிள்ளைக போடுற கேன்வாஸ் ஷூவ வாங்குங்க. அடி மெத்துன்னு இருக்கணும், நகத்த வச்சு அமுக்கினா அமுங்கணும். தண்ணி போக நான் ஓட்ட போட்டுத் தாரேன்" என்றார். பக்கத்துக்கு மூன்று துளை, ஓரம் கிழியாமல் வளையம் அடித்துக் கொடுத்தார். நாடா கட்டிவிட்டால் ஓட்டம் பிடுங்க முடியாது. அடி மெல்லிசாக இருப்பதால் கீழே இருப்பது கல்லா, குழியா என்று கால் சொல்லிவிடும்.

அப்படியும் பாசி மிச்சம் இருந்தது. வழுக்குவது தண்ணீர் அல்ல, பாசிதான். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் ஒருவர் சணல் கயிற்றைச் சுருட்டி அடி தைத்த எஸ்பதிரில் போட்டு வருவார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரெனே மலைக்காரர்கள் அதைப் போட்டுத்தான் பாறை ஏறுவார்கள் என்பார். அறுபது வருஷம் கழித்து அது ஞாபகம் வந்தது. ஜப்பானில் ஓடை வழியாக மலை ஏறுகிறவர்களும் வைக்கோல் செருப்புத்தான் கட்டினார்களாம். நம்மிடம் தேங்காய் நார்க் கயிறு இருக்கிறதே! பாதத்தின் அகலமான இடத்தில் ஷூவோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சை மேலே போட்டேன். நார் பாசியைக் கீறிக்கொண்டு கல்லைத் தொட்டது. நைலான் கயிற்றிலும் பார்த்தேன், அது உதவாது. நாரையும் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துதான் கட்ட வேண்டும். காய்ந்த பாறையில் நடந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

சரிவான பாறையில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் இதுவும் நிற்காது. அங்கே கால் வைக்கவே கூடாது.

அமாவாசையன்று சுருளியில் நல்ல கூட்டம். தண்ணீர் மிதமாக வந்தது. கூடியிருந்தால் வனத்துறையினர் விட்டிருக்க மாட்டார்கள். குதிகாலை ஊன்றாமல், பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, ஒரு கால் நிலைத்த பிறகே மறு காலை எடுத்தேன். மகன் முழங்கையைப் பிடித்திருந்தான். அருவிக்கு அடியில் போகவில்லை. ஓரத்தில் நின்று செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

ஷூவோடு தர்ப்பணமா என்று கேட்பீர்கள். இல்லை. கரையில் காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து ஷூவைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இடறியது. மகன் பின்னால் நின்று ஷூவைப் பார்த்துக்கொண்டான், யாராவது தூக்கிப் போய்விடப் போகிறார்களே என்று.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை எறிந்துவிட்டு ஷூவை மொட்டை மாடியில் காயப் போட்டேன். நியூசிலாந்தில் மீன் பிடிக்கிறவர்கள் கம்பளம் ஒட்டிய காலணியோடு ஆற்றில் இறங்குவது வழக்கமாக இருந்தது. ஈரக் கம்பளத்தோடு ஒரு பாசி ஆறு விட்டு ஆறு போகிறதென்று 2008-ல் அதற்குத் தடை போட்டார்கள். சுருளிப் பாசியை நான் ஏன் கும்பக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும்?

"கும்பக்கரைக்கு வேற போறீங்களா?" என்றாள் மனைவி.

தை அமாவாசைக்கு என்று இன்னொரு முழம் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.