ஒரு கிடாவும் ஒரு பொய்யும்

சென்ற பங்குனியில் ஒரு நாள் காலை எங்கள் தோட்டத்துக்குக் கால்நடை மருத்துவர் வந்திருந்தார். தோட்டம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒன்றே முக்கால் ஏக்கர் கரிசல், நாலு வேப்பமரம், தண்ணீர் இருப்பதாகப் பேர் பண்ணும் ஒரு கிணறு, அப்புறம் கன்னி இனத்தில் மூன்று பெட்டை ஆடுகள். கன்னி ஆடு என்பது எங்கள் பக்கத்துச் சொத்து. உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் மட்டும் கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரையில் இரண்டு வெள்ளைக் கோடு, யாரோ சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இழுத்து விட்டாற்போல. இரட்டைக் குட்டி போடுவது அதற்குச் சர்வ சாதாரணம். தை மாதத்தில் ஒன்று ஈன்று, இரண்டும் கிடாவாகப் போயிற்று.

மருத்துவர் இளைஞர். மோட்டார் சைக்கிளை வேம்படியில் நிறுத்திவிட்டுப் பையை எடுத்தபடியே கேட்டார்:

"ரெண்டு குட்டிக்கும் செஞ்சிரலாமாய்யா? நேர்ச்சை கீர்ச்சை ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் வேலையை முடிச்ச பிறகு வீட்டுல அம்மா வந்து, இது மாடனுக்கு விட்டதுன்னு சொன்னாங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கோ பதில் சொல்லச் சிறிது நேரம் பிடித்தது.

செய்வது என்று அவர் சொன்னது காயடிப்பதை. பத்திரிகையில் எழுதக் கூசுகிற சொல் என்று சில வாசகர்கள் நினைக்கலாம். ஆனால், இந்தச் சொல்லை உவமையாக எடுத்துக்கொண்டு, அந்த அதிகாரி இந்தச் சங்கத்தைக் காயடித்துவிட்டார், இந்த ஆசிரியர் அந்தக் கதையைக் காயடித்துவிட்டார் என்றெல்லாம் மேடையில் முழங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது ஒரு குட்டியின் பின்னங்காலைப் பிடித்திருப்பார் என்று தோன்றவில்லை. பிடித்திருந்தால் அவ்வளவு லேசாகச் சொல்ல வராது.

எனக்குப் பதினொரு வயது அப்போது, 1968ஆம் வருஷம். எங்கள் வீட்டில் நாலைந்து ஆடு நின்றது. கிடாக்குட்டிகளுக்கு இரண்டு, மூன்று மாதம் ஆனதும் அம்மா கோனார் தாத்தாவுக்குச் சொல்லியனுப்புவாள். அவர் தோளில் ஒரு கோணிப்பையுடன் வருவார். பையில் இரண்டு வாகைமரக் கட்டையும் ஒரு கொட்டாப்புளியும் இருக்கும். கட்டை இரண்டுக்கும் நடுவே விதைக்கு மேலே போகிற நரம்பை இடுக்கிக் கொட்டாப்புளியால் தட்டுவார். குட்டி எழுப்பும் சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். பிறகு மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவி இறக்கி விடுவார். கூலியாக ஒரு படி கம்பும், ஒரு செம்பு மோரும். குரூரமான மனிதர் அல்ல. ஒவ்வொரு குட்டியையும் பிடிப்பதற்கு முன்னால் அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் பிறந்ததில் ஒரு கிடா என்னோடுதான் வளர்ந்தது. தாய்க்கு ஒரு காம்பில் பால் வற்றிப்போனதால், மீதிப் பாலைப் புட்டியில் நான்தான் கொடுத்தேன். பெயர் சுழியன், நெற்றியில் ஒரு சுழி உண்டு. கோனார் தாத்தா வரப்போகிறார் என்று தெரிந்த அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. காலையில் அவர் பையை இறக்கி வைத்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்:

"அம்மா, சுழியனைத் தொடக்கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் சுடலைமாடனுக்கு நேர்ந்துட்டேன்."

பொய். காய்ச்சல் வந்தது வாஸ்தவம்; மார்கழியில் பத்து நாள் படுத்துக் கிடந்தேன். நேர்ச்சை எல்லாம் அந்த விடியற்காலையில் தோன்றியது. சாமிக்கு விடுகிற கிடா அங்கம் குறையாமல் இருக்க வேண்டும், அதற்குக் காயடிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. அது எனக்குத் தெரியும். அதன் மறுபாதியும் தெரியும்தான். ஆனால் பதினொரு வயதில் அடுத்த வருஷம் என்பது வரப்போகிற ஒன்றாகவே தோன்றுவதில்லை.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிள்ளை வாயால வந்திருச்சு. இந்தச் சித்திரைக்குக் குட்டியா இருக்கு. வார வருசக் கொடைக்கு விட்டிருவோம்" என்றாள். கோனார் தாத்தா கட்டையைப் பைக்குள் வைத்தார். நான் சுழியனை அணைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

அந்த ஆறு மாதத்தைப்போல நான் பெருமையாக இருந்த காலம் அபூர்வம். அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

காயடிக்காத கிடா என்னவாகும் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்திலேயே சுழியன் தன்னோடு பிறந்த பெட்டைக்குட்டியை விரட்ட ஆரம்பித்தான். எட்டாம் மாதம் வீச்சம் எடுத்தது. கொம்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து ஒரு நாற்றம். அது போதாதென்று தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்வான். பெட்டைகளுக்கு அதுதான் அத்தராம். எனக்கு அது பள்ளிக்கூடம் வரையில் கூட வந்தது. வகுப்பில் பக்கத்துப் பையன் தள்ளி உட்கார்ந்தான். ஐப்பசியில் கயிற்றை அறுத்துக்கொண்டு தன் தாயிடமே போய்விட்டான். ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். சொல்லி வைத்தாற்போலப் பங்குனியில் ஒரு குட்டி விழுந்தது. பின்னங்கால் ஊன்றாத குட்டி. மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிடாவை மட்டும் தனியாக, கொல்லைக்கோடியில், முளையடித்துக் கட்டச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் உலகம் ஒன்றரை பாகக் கயிறு. நான் குழை போடப் போவேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தூர இருந்தே எறிந்துவிட்டு வந்துவிடுவேன். அவன் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்துவான். காயடித்த கிடாய்கள் சாயங்காலம் மந்தையோடு மெத்தென்று நடந்து வந்து, என் கையிலிருந்து நெற்று வாங்கித் தின்னும். எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது. சுழியனை விட அதிகமாகவே பிடித்திருந்தது. அதை அப்போது நான் எனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சித்திரைக் கொடை வந்தது. கழுத்தில் மாலை போட்டுப் பீடத்தின் முன்னே நிறுத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். முதல் தடவை தெளித்தார்கள். அவன் சிலுப்பவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "நேர்ச்சையில் ஏதோ குறை இருக்கு" என்று ஒரு பெரியவர் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். நேர்ச்சையே பொய் என்று ஒரு வார்த்தை. திறக்கவில்லை. எல்லாரும் பார்க்கிறார்களே என்ற பயம் ஒன்று. இந்த வீச்சமும் கத்தலும் இன்றோடு தீர்ந்துவிடும் என்ற நினைப்பும் ஒன்று. இரண்டில் எது பெரிது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

மூன்றாம் தடவை என் மாமா செம்பைச் சாய்த்துக் காதுக்குள்ளேயே ஊற்றினார். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும்.

"ஐயா?" என்றார் மருத்துவர்.

"நேர்ச்சை ஒன்றுமில்லை. இரண்டுக்கும் செய்யுங்கள்" என்றேன்.

இப்போது கட்டையும் இல்லை, கொட்டாப்புளியும் இல்லை. நீளக் கைப்பிடி வைத்த ஒரு பெரிய இடுக்கி. பர்டிஸோ என்ற இத்தாலியர் கண்டுபிடித்தது; அவர் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது. தோலை வெட்டாமல் உள்ளே இருக்கும் விதை நரம்பையும் ரத்தக் குழாயையும் மட்டும் நசுக்கும். ரத்தம் வராது, ஈ மொய்க்காது, புழு வைக்காது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், விதித்த முறைப்படி காயடிக்கலாம் என்று சொல்லியிருந்தது. அந்த முறை இன்னதென்று விதி வந்தது 2023இல். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும், மரத்துப்போக மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும் என்கிறது அது. 63 வருஷம் ஆகியிருக்கிறது. ஆட்டுக்கு மனுப்போடத் தெரியாது.

மருத்துவர் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பிடிக்க ஆள் வேண்டுமே! தோட்டத்துப் பையன் சந்தைக்குப் போயிருந்தான். நான்தான் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, குட்டியின் முதுகை என் மார்போடு சேர்த்து, முன்னங்காலையும் பின்னங்காலையும் பக்கத்துக்கு ஒரு ஜோடியாகப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கைக்குப் பக்கத்தில் படபடவென்று அடித்தது. மருத்துவர் விரலால் தடவி நரம்பைத் தேடினார். "சணல் கயிறு மாதிரி தட்டுப்படும் பாருங்க" என்று என் விரலையும் வைத்துக் காட்டினார். அதை ஓரமாக ஒதுக்கி, இடுக்கியை மூடி, மனசுக்குள் எண்ணிக்கொண்டார். நறுக் என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு முறை. மறுபக்கத்தை அதே கோட்டில் வைக்காமல் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வைத்தார். நேர்கோட்டில் வைத்தால் தோலுக்குப் போகிற ரத்தமும் நின்று, பை முழுவதும் அழுகிவிடுமாம். குட்டி ஒரே ஒரு தடவை கத்தியது. கோனார் தாத்தாவின் நாளில் கேட்ட கத்தல் அல்ல. ஆனாலும் கத்தல்தான்.

"ரெண்டு மூணு நாள் வீக்கம் இருக்கும். ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல சுருங்கிரும். தவிட்டையும் சோளத்தையும் அள்ளிப் போட்டுராதீங்க. சின்னதுலயே காயடிச்ச குட்டிக்கு மூத்திரக்குழாய் ஒடுங்கலா நின்னுரும், கல்லடைச்சா பிழைக்காது. குழையும் தண்ணியும் தாராளமா குடுங்க" என்றார். இனத்துக்குக் கிடா வேண்டுமானால் பக்கத்து ஊரிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தத்தில் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். அது எனக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

அவர் கைகழுவ வெந்நீர் கொண்டுவந்த என் மனைவி, "என்ன இது, உங்களுக்கு இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். வெயில் என்றேன். இந்த இரண்டு குட்டிகளும் ஒரு நாள் எட்டயபுரம் சந்தைக்குத்தான் போகப்போகின்றன. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுவரைக்கும் கயிறு இல்லாமல் மேயும்.

மூன்று நாள் இரண்டு குட்டியும் என் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் ஒன்று வந்து கையிலிருந்து அகத்திக்குழையை இழுத்தது. மற்றது இன்றைக்கும் என்னைக் கண்டால் தாயின் மறுபக்கம் போய் நின்றுகொள்கிறது.