கேட்டாத்தான் கிடைக்கும்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆராய்ச்சி, கைடு, குளிர்னு வழக்கமான புலம்பலை இன்னொரு நாள் வச்சுக்கலாம். இன்னிக்கு வேற விஷயம்.

ஒரு வருஷமா வாரம் ஒரு மதியம் இங்க ஒரு பெண்கள் பள்ளிக்கு வாலண்டியரா போறேன். லண்டனுக்கு வெளியே, அரசாங்கப் பள்ளி. நம்மூர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி இங்கிலாந்துல 'சிக்ஸ்த் ஃபார்ம்' ரெண்டு வருஷம். போலீஸ் ரெக்கார்ட் எல்லாம் பார்த்துட்டுத்தான் என்னை உள்ளேயே விட்டாங்க :)

முதல் நாள் வாயைப் பொளந்துட்டேன். பெரும்பாலான பொண்ணுங்களுக்கு மூணே மூணு பாடம். சீனியர்களுக்குன்னு தனி ரூம், அதுல டீ போட்டுக்க கெட்டில். ஒவ்வொருத்திக்கும் ஒரு ட்யூட்டர்: பாடம் நடத்த இல்ல, அவளைக் கவனிச்சுக்க. அது போக கவுன்சிலர், மேற்படிப்பு ஆலோசகர்... நான் படிச்ச அரசு பெண்கள் மேனிலைப் பள்ளியில சாயங்கால ஸ்பெஷல் கிளாஸும் நாலு திட்டும்தான் மொத்த சப்போர்ட்டே!

போகப் போகத்தான் ஒண்ணு புரிஞ்சுது. இங்க உதவி நிறைய இருக்கு, ஆனா நாமளா போய் வாயைத் திறக்கணும்.

நம்மூர் இன்ஜினியரிங் கவுன்சலிங்ல கட்-ஆஃப் பேசும், முடிஞ்சுது. உங்களைப் பத்தி யாரும் ஒரு வரி எழுத வேண்டாம். இங்க யூகாஸ் வழியா அஞ்சு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஃபைனல் எக்ஸாமே நடந்திருக்காது. அதனால பழைய ஜிசிஎஸ்இ கிரேடு, டீச்சர்கள் கணிச்சுச் சொல்ற கிரேடு, பொண்ணு தன்னைப் பத்தி எழுதுறது, பள்ளி எழுதுற ரெஃபரன்ஸ் எல்லாத்தையும் பார்ப்பாங்க. 2024 சேர்க்கையிலேர்ந்து ரெஃபரன்ஸ்ல ஒரு தனிப் பகுதியே இருக்கு: இவ படிப்பைப் பாதிச்ச சூழ்நிலை ஏதாவது உண்டா?

போன நவம்பர்ல ஒரு பொண்ணு (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், சில விவரங்களை மாத்தியிருக்கேன்). யாழ்ப்பாணத்துக் குடும்பம். பார்மசி படிக்க ஆசை. கெமிஸ்ட்ரி கிரேடு சரிஞ்சுக்கிட்டே வருது, காலைல லேட், ஹோம்வொர்க் பாதி. சோம்பேறித்தனம்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. பேசிட்டே இருந்தப்ப மெதுவா வெளிய வந்துச்சு: அம்மாவுக்கு ஆறு மாசமா உடம்பு முடியல, அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். சமையல், தம்பியை ஸ்கூல்ல விடறது எல்லாம் இவதான்.

"ட்யூட்டர்கிட்ட சொன்னியாம்மா?"

"எங்கட வீட்டு விசயத்தை அவைக்கு ஏன் அக்கா சொல்லுவான்?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. நாம எல்லாரும் இப்படித்தானே வளர்ந்தோம்? வீட்டு விஷயம் வெளிய போகக் கூடாது, கை நீட்டக் கூடாது. வாலண்டியர்களுக்கு முதல்ல சொல்லித் தர்றதே, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு பிள்ளைங்களுக்கு வாக்கு கொடுக்காதேங்கிறதுதான். அதை அவகிட்ட நேரடியாவே சொன்னேன். "நீயே சொல்லு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்"னேன். ரெண்டு வாரம் இழுத்தா. அப்புறம் ஒரு மதியம் அவளே வந்து, "வாங்கோ அக்கா"ன்னு கூப்பிட்டா.

ட்யூட்டர் பத்து நிமிஷம் குறுக்க பேசாம கேட்டாங்க. ஹோம்வொர்க்குக்கு அவகாசம் கிடைச்சுது, ஃப்ரீ பீரியட்ல கெமிஸ்ட்ரிக்குத் தனியா உதவி. அவ சம்மதத்தோட ரெஃபரன்ஸ்லயும் எழுதினாங்க. பஸ் காசுக்கு பர்சரி ஃபாரமும் கையில கொடுத்தாங்க. முன்னெல்லாம் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்கு வாரம் 30 பவுண்ட் வரைக்கும் ஒரு உதவித்தொகை இருந்துச்சு; இங்கிலாந்துல 2011ல நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா வந்த பர்சரி நிதியில பெரும்பாலானவங்களுக்கு எவ்வளவுன்னு பள்ளியே முடிவு பண்ணும். அதனால கேக்காதவங்க விட்டுப் போயிடறாங்க.

சனவரி கெடுவுக்குள்ள விண்ணப்பம் போயிடுச்சு. கிரேடு ஆகஸ்ட்லதான். இடம் கிடைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா அவளைச் சோம்பேறின்னு இனிமே அங்க யாரும் சொல்ல மாட்டாங்க.

இங்க தங்கச்சி, அண்ணன் பொண்ணு, பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு யாராவது சிக்ஸ்த் ஃபார்ம்ல இருந்தா, மார்க் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி "உன் ட்யூட்டருக்கு வீட்டு நிலைமை தெரியுமா?"ன்னு ஒரு தடவை கேளுங்க மக்களே.