மதிலுக்கு வெளியே ஒரு முத்து

அந்தப் பாட்டு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 2017-ல் கல்லூரி விழாக்களில், கார் ஸ்பீக்கர்களில், பக்கத்து வீட்டுப் பையனின் ரிங்டோனில் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். ஒரு வரி புரியாவிட்டாலும், ‘டெஸ்பாசீத்தோ’ என்ற அந்த ஒற்றைச் சொல் வரும்போது மட்டும் நாமும் சேர்ந்து பாடினோம். ஸ்பானிய மொழியில் அதற்கு ‘மெள்ள மெள்ள’ என்று பொருள்.

வீடியோ நினைவிருக்கிறதா? பாறையில் மோதும் அலைகள், மஞ்சளும் நீலமும் சிவப்புமாக வீடுகள், தெருவோரத்தில் டொமினோ ஆடும் பெரியவர்கள், மேளம் தட்டுபவர்கள், ஓடித் திரியும் பிள்ளைகள். அது செட் அல்ல, நிஜமான ஒரு குடியிருப்பு. பெயர் லா பெர்லா. ‘முத்து’ என்று அர்த்தம். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் இருக்கிறது. வாருங்கள், ஒரு நடை போய்வருவோம்.

மதிலின் இந்தப் பக்கம்

பழைய சான் ஹுவான் பார்ப்பதற்கு அழகான ஊர். இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடில் வார்த்த நீலக் கற்கள் பாவிய தெருக்கள், மர பால்கனி வைத்த ஸ்பானிய வீடுகள், ஊரின் மேற்கு முனையில் எல் மோரோ கோட்டை. 1539-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. அதன் முன்னால் விரிந்து கிடக்கும் புல்வெளியில் கடற்காற்று எப்போதும் வீசிக்கொண்டே இருப்பதால், குடும்பம் குடும்பமாக வந்து பட்டம் விடுகிறார்கள்.

கோட்டையிலிருந்து வடக்கு மதிலை ஒட்டிக் கிழக்கே நடந்தால், ஓரிடத்தில் கீழே எட்டிப் பார்க்கலாம். மதிலுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில் மிஞ்சிய ஒடுக்கமான சரிவில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல நெருக்கி நிற்கும் வீடுகள் தெரியும். அதுதான் லா பெர்லா.

ஏன் மதிலுக்கு வெளியே? ஸ்பானியர் ஆண்ட காலத்தில் ஆடுமாடு வெட்டும் கூடத்தை நகருக்குள் வைக்க விடவில்லை. கல்லறையையும் வெளியே தள்ளினார்கள். அடிமைகளாக இருந்தவர்களும் வெள்ளையரல்லாத வேலையாட்களும் அங்கேதான் குடியிருக்க நேர்ந்தது. வெட்டுக்கூடமும் இடுகாடும் உழைக்கும் மக்களும் ஊருக்குப் புறத்தே. இந்த ஏற்பாடு எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பின்னாளில் கிராமங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்த ஏழைகளும் இங்கே குடியேறினார்கள். போதைப் பொருள் விற்பனையால் கெட்ட பெயர் சேர்ந்தது. 2011-ல் அமெரிக்க அதிகாரிகள் பெரும்படையாக வந்து சோதனை நடத்தினார்கள். ‘மதில் மேலிருந்து பாருங்கள், கீழே மட்டும் இறங்காதீர்கள்’ என்பதே வெகுகாலம் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைத்த புத்திமதி.

பாட்டு பிறந்த கதை

பாடகர் லூயிஸ் ஃபோன்ஸி சான் ஹுவானில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனவர். உருகி உருகிக் காதல் பாட்டுப் பாடுகிறவர் என்று பெயர் வாங்கியவர். 2015-ல் ஒரு நாள் காலை கண் விழிக்கும்போதே ‘டெஸ்பாசீத்தோ’ என்ற சொல் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததாம். அன்று மயாமியில் இருந்த அவர் வீட்டுக்கு, பனாமா நாட்டுப் பாடலாசிரியர் எரிகா எண்டர் வந்திருந்தார். இருவரும் கிதாரோடு உட்கார்ந்து பாட்டை எழுதினார்கள்.

கொலம்பியாவைச் சேர்ந்த மவுரிசியோ ரென்ஹிஃபோ, ஆண்ட்ரேஸ் டோரஸ் என்ற இருவர் அதற்கு இசைக்கோப்பு செய்தார்கள். இன்னும் கொஞ்சம் துள்ளல் வேண்டும் என்று டாடி யாங்கியை அழைத்தார் ஃபோன்ஸி. சான் ஹுவானின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்து, பேஸ்பால் வீரராகும் கனவோடு இருந்து, இளவயதில் காலில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டால் அந்தக் கனவை இழந்து பாட்டுக்கு வந்தவர் யாங்கி.

அவர் பாடும் ரெகேட்டோன் இசைக்கும் லா பெர்லாவின் கதைதான். ஜமைக்காவின் தாளமும் பனாமாவின் ஸ்பானிய ரெகேயும் கலந்து, சான் ஹுவானின் ஏழைக் குடியிருப்புகளில் கேசட் கேசட்டாக வளர்ந்தது அது. 1995-ல் போலீசார் இசைக் கடைகளில் புகுந்து அந்தக் கேசட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். ஆபாசம், வன்முறை என்று குற்றச்சாட்டு. அந்த இசையும் மதிலுக்கு வெளியே நின்றதுதான்.

அடுத்த முறை கேட்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். தொடக்கத்தில் தனியாக ஒலிக்கும் தந்தி வாத்தியம் சாதாரண கிதார் அல்ல, குவாத்ரோ. போர்ட்டோ ரிக்கோவின் மலைக்கிராம விவசாயிகள் வாசித்து வளர்த்த வாத்தியம். பெயருக்கு ‘நான்கு’ என்று பொருள், ஆனால் இன்றைய குவாத்ரோவில் பத்துத் தந்திகள். இந்தப் பாட்டில் வாசித்தவர் கிறிஸ்டியன் நீவெஸ். இரண்டாவது, பல்லவி தொடங்கும் கணம். அதுவரை ஓடிவந்த தாளம் சட்டென்று தயங்கி வேகம் குறைய, அந்தச் சொல் அசை அசையாகப் பிரிந்து விழும். ‘மெள்ள’ என்ற சொல்லைப் பாட்டே செய்து காட்டிவிடுகிறது. மொழி தெரியாத நாம் சரியாக அந்த இடத்தில் சேர்ந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016 டிசம்பரில் வீடியோ எடுத்தார்கள். இயக்குநர் கார்லோஸ் பெரெஸ். 2006-ல் பிரபஞ்ச அழகியான போர்ட்டோ ரிக்கோப் பெண் சுலைக்கா ரிவேரா நடித்தார். இரவு நடனக் காட்சி பழைய ஊரின் லா ஃபாக்டோரியா என்ற மதுக்கூடத்தில். பகல் காட்சிகளோ லா பெர்லாவில், அந்த மக்களோடு.

ஒரே வருடத்தில் மூன்று செய்திகள்

2017 ஜனவரியில் பாட்டு வெளியானது. ஏப்ரலில் கொலம்பியாவுக்குப் போன ஜஸ்டின் பீபர், ஒரு நடன விடுதியில் கூட்டமே இந்தப் பாட்டுக்கு ஆடுவதைப் பார்த்தார். சில நாட்களிலேயே தானும் ஸ்பானிய மொழியில் பாடிச் சேர்த்த வடிவம் வெளிவந்தது. மே மாதம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். அங்கேயே 16 வாரம். 1996-ல் வந்த ‘மகரேனா’வுக்குப் பிறகு பெரும்பகுதி ஸ்பானிய மொழியிலான ஒரு பாட்டு அந்த இடத்தைத் தொட்டது அப்போதுதான். ஆகஸ்ட் 4 அன்று யூடியூபில் உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட வீடியோவாகி, 300 கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

அதே மே மாதத்தில்தான், 7,000 கோடி டாலருக்கு மேல் கடனில் மூழ்கிய போர்ட்டோ ரிக்கோ அரசு திவாலுக்கு இணையான பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 1898 முதல் இந்தத் தீவு அமெரிக்காவின் கையில். மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. அமெரிக்க வானொலிகளில் நாள் முழுக்க ஒலித்த பாட்டுக்குள்ளேயே இந்தத் தீவின் பெயர் வருகிறது.

யூடியூப் சாதனைக்கு ஏழு வாரம்கூட நிறையவில்லை, செப்டம்பர் 20 அன்று மரியா புயல் தீவைக் கிழித்துக்கொண்டு போனது. மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகக் காற்று. தீவு முழுவதும் இருள். கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. 64 பேர் இறந்ததாகச் சொன்ன அரசு, மறு ஆண்டு ஆகஸ்டில் எண்ணிக்கையை 2,975 என்று திருத்தியது. கடலுக்கு நேர்முகமாக நிற்கும் லா பெர்லாவில் கூரைகள் பறந்தன, வீடுகள் இடிந்தன. உலகமே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த அதே தெருக்களில், மக்கள் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் காத்திருந்தார்கள்.

கீழே இறங்கினால்

பாட்டு கூரை போட்டுத் தராது. கடனையும் அடைக்காது. ஆனால் மதில் மேலேயே நின்று எட்டிப் பார்த்தவர்களைப் படியிறங்க வைத்தது. வீடியோவில் வந்த தெரு எது, சுவர் எது என்று கேட்டுக்கொண்டு பயணிகள் இங்கே வர ஆரம்பித்தார்கள். அச்சத்தோடு உச்சரித்த பெயரை ஆசையோடு உச்சரித்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பகலில் போங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் துணை இருந்தால் நல்லது. ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள், அந்தக் காசு அந்தத் தெருவிலேயே தங்கும். முக்கியமாக, கேட்காமல் யாரையும் எந்த வீட்டையும் படம் எடுக்காதீர்கள். நமக்கு அது வீடியோவில் வந்த இடம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு அது வீடு.

செல்ஃபியைப் பையில் போட்டுவிட்டு, எதிரே வருபவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தால் போதும். அவசரம் வேண்டாம். எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பாட்டின் பெயரே சொல்லிவிட்டதே!