007-ம் 7-ம் ஒன்றா?

பிஎச்பி மொழியில் ஒரே மதிப்பு பலமுறை வந்தால் அதைக் களைய அரே_யுனிக் இருக்கிறது. 2000-ல் 4.0.1 பதிப்போடு வந்த பழைய சரக்கு. சும்மா கூப்பிட்டால் எல்லாவற்றையும் எழுத்துச் சரமாக்கித்தான் ஒப்பிடும். அதனால் 7 என்ற எண்ணும் "7" என்ற சரமும் ஒன்றாகிவிடும். நல், ஃபால்ஸ், காலிச் சரம் மூன்றும் ஒரே ஆள்!

சரி, சார்ட்_ரெகுலர் கொடுத்தால் தப்பிக்கலாமா? அங்கேதான் வில்லங்கம். அது தளர்வான ஒப்பீடு. ஒரு கடையில் பழைய பில் புத்தகத்தின் எண் "007", புதிய புத்தகத்தின் எண் "7" என்று வையுங்கள். இரண்டும் எண் போலத் தெரிவதால் சமம் என்று முடிவாகி, பின்னால் வந்த பில் காணாமல் போகும். "1E5"-ம் "100000"-ம்கூட சமம்தான். பிழைச்செய்தி எதுவும் வராது. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போது பாவம், கணக்குப்பிள்ளை தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ஆக, வகையும் மதிப்பும் இரண்டுமே ஒத்தால்தான் நகல் என்று சொல்லும் ஒரு தேர்வு வேண்டும். மூன்று சமக்குறி ஒப்பீடு. அதற்கு என்ன பெயர்?

இன்_அரே, அரே_சர்ச் இரண்டிலும் மூன்றாவது இடத்தில் 'ஸ்டிரிக்ட்' இருக்கிறது, அதையே இங்கேயும் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இங்கே இரண்டாவது இடத்தில் ஏற்கெனவே ஒரு கொடி உட்கார்ந்திருக்கிறது. சார்ட்_நியூமெரிக் என்று சொல்லிவிட்டு ஸ்டிரிக்டும் கேட்டால் யார் பேச்சைக் கேட்பது?

சார்ட்_ஸ்டிரிக்ட் என்ற கொடியோ இன்னும் மோசம். மூன்று சமக்குறி 'ஆம்', 'இல்லை' என்று மட்டும்தான் சொல்லும்; எது பெரிது என்று சொல்லாது. பெரிது சிறிது இல்லாமல் எப்படி வரிசைப்படுத்துவது? பக்கத்து ஆளை மட்டும் பார்க்கும் வசதி போய்விடும். ஜோடி ஜோடியாகப் பார்த்தால் 1000 மதிப்புக்கு 4,99,500 ஒப்பீடுகள் வரை போகும். ஹேஷ் வைத்தால் பிழைக்கலாம்.

பிஎச்பி கையேடு மூன்று சமக்குறியை 'ஐடென்டிகல்' என்கிறது. பெயர் அங்கிருந்து வருவதே நியாயம். 2021-ல் 8.1 பதிப்பில் வந்த ஈனம்களைச் சரமாக மாற்றவே முடியாது என்பதால், அவற்றுக்கும் இதுதான் பொருந்தும்.

ஜாவாஸ்கிரிப்ட் 2015-ல் செட் கொண்டுவந்தபோது பெயர்ச் சண்டைக்கே இடமில்லை, கண்டிப்பு உள்ளேயே இருந்தது. அங்கேயும் ஒரு விதிவிலக்கு: தன்னோடு தானே சமமில்லாத நேன் செட்டுக்குள் ஒரே ஒருமுறைதான் இருக்கும்.